திங்கட்கிழமைச் சங்கு

இந்திரகுமார் வேலைக்குப் போனால் வீட்டுக்குப் போன் செய்கிற ஆளே இல்லை. செய்யவும் முடியாது. உர ஆலையின் வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் செத்தவீடு என்றாலும் ஷிப்ட் முடிந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே அந்தத் திங்கட்கிழமை, அவனுடைய மனைவி சுஜீவா, தான் பராமரிக்கப் போகிற வயதான மேவிஸ் அன்ரியின் இரண்டு கால்களையும் வெந்நீர்ப் பேசினுக்குள் வைத்துக் குதிக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் கதிரையில் கிடந்த போனில் அவனுடைய பெயர் தெரிந்ததும் அவள் தேய்த்த கையை அப்படியே எடுத்துவிட்டாள். சவர்க்கார நுரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“நீ இப்ப எங்க நிக்கிறாய்?”

“எங்க நிப்பன், மேவிஸ் அன்ரி வீட்டதான். என்னப்பா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?”

“செய்யிற வேலையை அப்பிடியே விட்டிட்டுக் காரை எடு. கெதியா வெளிக்கிடு. அமோனியாக் குழாய் ஒண்டு வெடிச்சுப்போச்சு. காத்து நேர நீ நிக்கிற பக்கம்தான் அடிக்குது.”

“கடவுளே. சங்கு ஊதேல்லையே?”

“பன்னிரண்டுக்கு எப்பிடியும் திங்கக்கிழமைச் சங்கு ஊதத்தானே போகுது, அதோட சேர்த்து ஊதினாப் போதுமெண்டு மனேஜர் சொல்லிப்போட்டான். அதுக்குள்ள அடைச்சிட்டால் வெளியில ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடுமாம்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “சுஜீ, ஒருத்தருக்கும் வாய் திறந்திடாத. நான் வெளியில கதைச்சதெண்டு தெரிஞ்சால் வேலை மட்டுமில்லை போறது. விளங்குதே? போன் எடுக்கத்தான் வாசலுக்கு ஓடி வந்தனான், திருப்பி உள்ள போகோணும், வால்வைப் பூட்ட ஆள் காணாது. வைக்கிறன்.”

வைத்துவிட்டான். சுஜீவா போனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் முழங்காலில் நின்றபடியே நின்றாள்.

இந்தச் சங்கின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனேஜரின் கெட்டித்தனம் உங்களுக்குப் பிடிபடாது. சிட்னியின் தெற்கே ஒரு குடாக்கரையில், கடலுக்கும் ஆலைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற ஒற்றைத் தெரு அது. இருபது, இருபத்தைந்து வீடுகள் இருக்கும். பூர்வகுடி மக்களின் குடியிருப்பு. எப்போதோ பாதிரிமார் நடத்தியதால் இன்றைக்கும் ஊருக்கு மிஷன் என்றுதான் பெயர். ‘ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற மிஷன்’ என்று யாராவது சொன்னால் மேவிஸ் அன்ரிக்குக் கெட்ட கோபம் வரும். “நாங்கள் அதுக்குப் பக்கத்தில போய் இருக்கேல்லைப் பிள்ளை. அதுதான் எங்களுக்குப் பக்கத்தில வந்து குந்திக்கொண்டு இருக்குது” என்பாள். அவள் சொல்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் சுஜீவாவின் காதில் அது விழும்போது பாதி யாழ்ப்பாணத்துத் தமிழாகத்தான் விழும், அதனால் நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தடவை வாயு கசிந்து, தெருவில் நாலைந்து பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு மிஷன் ஆட்கள் சண்டை பிடித்து, ஊர்வலம் போய், ஆலை வேலியோரம் ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு அபாயச் சங்கும் வாங்கினார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு ஊதிப் பார்ப்பது என்று ஏற்பாடு. சோதனை என்றால் சங்கு கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். உண்மை என்றால் நிற்காது. என்ன அருமையான யோசனை பாருங்கள்! நிற்கிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவானே.

அது போதாதென்று ஆலைக்காரருக்கு இரக்கமும் வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி, அத்திமரத்தின் கீழே ஒரு பெரிய இறைச்சி வாட்டும் அடுப்பைக் கட்டிக் கொடுத்து, திங்கட்கிழமைகளில் சொசேஜும் பாண் ரொட்டியும் அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லச் சிலர் இருந்தார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். காலப்போக்கில் சங்கு ஊதினால் சாப்பாடு ஆயத்தம் என்று ஆகிவிட்டது. நாய்கள் சங்கோடு சேர்ந்து ஊளையிடும், சின்னதுகள் நாய்களோடு சேர்ந்து ஊளையிடும், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், ஆளுக்கொரு தட்டோடு தெருவே அத்திமரத்துக்கு வந்துவிடும். ஆபத்து என்றால் உள்ளே ஓடச் சொல்லி வாங்கிய சங்கு, திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மட்டும் சனத்தை வெளியே கூப்பிடுகிற சங்காக மாறிப்போயிருந்தது. அந்தச் சங்கோடுதான் இன்றைக்கு உண்மையையும் சேர்த்து ஊதப்போகிறார்கள்.

“ஆரு, உன்ர மனுசனோ?” மேவிஸ் அன்ரி கேட்டாள். “முகம் வெளிறிப்போச்சு. பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?”

“ஓம் அன்ரி. பள்ளிக்கூடத்தில இருந்து... நான் ஒருக்காப் போகோணும்.”

வாயில் வந்த பொய் அது. மகள் நிரூபா மேற்குச் சிட்னியில், நார்த்மீட்டில் பன்னிரண்டாம் வகுப்புச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேவிஸ் அன்ரி உடனே, “போ, போ, காலை நான் துடைக்கிறன்” என்று அவளை விரட்டினாள். அந்த விரட்டுதல்தான் சுஜீவாவைக் கொன்றது. காலைத் துடைக்க அந்த மனுசியால் குனியவே முடியாது.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாவியைப் போட்டாள். காலையில் இதே காரில்தான் இந்திரகுமாரை ஆலை வாசலில் இறக்கிவிட்டு இங்கே வந்தாள். மணிக்கூடு பன்னிரண்டுக்குக் கிட்ட நின்றது. தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பெரிய வீதி, பிறகு வேகப்பாதை, பிறகு வீடு. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம், அது பரவாயில்லை. ஆனால் அவளும் இந்திரகுமாரும் படகில் வந்தவர்கள். அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேலாக, சில மாதங்களுக்கு ஒரு தடவை நீட்டித் தருகிற விசாவில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள். இந்த மனிதர் ஒழுங்கானவர், எங்களுக்குத் தேவையானவர் என்று ஆலை சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் லோயர் புதிதாக ஒரு மனு போட்டிருந்தார். அந்த ஆலையே நாளைக்கு, இவன் இரகசியத்தை வெளியில் விட்டவன் என்று சொன்னால்? சட்டம் அவனுக்குப் பாதுகாப்புத் தரும் என்று யாராவது வெள்ளைக்காரர் சொல்வார். சட்டத்தை நம்பி நெஞ்சை நிமிர்த்துவதற்கு முதலில் காலுக்குக் கீழே நிலம் வேண்டாமா?

கண்ணாடிக்கு முன்னால் அத்திமரம் தெரிந்தது. மேவிஸ் அன்ரியின் பெறாமகன் கெவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். பசி பொறுக்காத பிள்ளைகள் சிலர் இப்போதே தட்டோடு வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி சுஜீவாவின் காரைக் கண்டு கையை ஆட்டினாள்.

சுஜீவாவுக்கு முள்ளிவாய்க்கால் நினைவு வந்தது. வராமல் இருக்குமா? அங்கே பக்கத்துத் தரப்பாள் கூடாரத்துக்குள் ஒரு குடும்பம் இருந்தது. ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்கள். எந்தப் பக்கத்தால் கடல்நீரேரியைக் கடக்கலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் தரப்பாள் வெறுமையாகக் கிடந்தது. அவர்களைப் பிழை சொல்லேலாது, எல்லாருக்கும் சொன்னால் எல்லாரும்தான் அகப்பட்டிருப்பினம் என்று அம்மா சொன்னாள். சுஜீவாவும் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் விழுந்த ஷெல்லில் தம்பி போனான். இன்றைக்கும் மெல்பேணில் டண்டினொங் பக்கம் போனால் அந்தக் குடும்பம் இருக்கிறது, கலியாணவீடுகளில் கண்டால் சுஜீவா சிரித்துக் கதைப்பாள், சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள். மன்னிக்கவில்லை. ஒரு நாளும் மன்னிக்கவில்லை.

சாவியை இழுத்து எடுத்தாள். காரை விட்டு இறங்கி ஓடினாள்.

“கெவின், அடுப்பை நிப்பாட்டு! எல்லாரையும் வீட்டுக்குள்ள அனுப்பு. அமோனியா வருது!”

கெவின் இடுக்கியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதன், சிரித்தால் மரத்தடியே குலுங்கும். இன்றைக்குச் சிரிக்கவில்லை. போன குளிர்காலம் இவன்தான் ஒரு நாற்றத்தை முகர்ந்துவிட்டு, தெருவெல்லாம் ஓடிக் கதவைத் தட்டி, கிழடுகட்டைகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றியவன். கடைசியில் அது ஏதோ கழிவுக்குழாய் நாற்றம் என்று ஆலையிலிருந்து ஒரு பெண் வந்து இனிமையாக விளங்கப்படுத்திவிட்டுப் போனாள். புலி வருது, புலி வருது என்று கத்தினவன் கதையாகிப்போனது. அதற்குப் பிறகு அவனைக் கண்டால் தெருப்பொடியன்கள் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள்.

“உனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டான்.

“மணக்குது, கெவின். உனக்கு மணக்கேல்லையே?”

அவன் முகத்தை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பார்த்தான். வெங்காயமும் இறைச்சியும்தான் மணந்தன. “எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, சுஜி. திருப்பியும் ஒருக்கா என்னால பைத்தியக்காரனாகேலாது. ஆர் சொன்னதெண்டு சொல்லு, இப்பவே தெருவைக் கிளப்புறன்.”

சொல்லாமல் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று அவள் தேடினாள். ரேடியோவில் சொன்னார்கள் என்று சொல்லலாம்; அவன் ரேடியோவைப் போடுவான். ஆலையில் யாரோ ஒருவன் என்று சொல்லலாம். எவன் என்று கேட்பான். அந்த நேரம் பார்த்துச் சங்கு எழும்பியது.

கீழே உறுமித் தொடங்கி, ஏறி, உச்சியில் போய் நின்று கத்தியது. நாய்கள் ஊளையிட்டன. பிள்ளைகள் தலையை நிமிர்த்தி நாய்களோடு சேர்ந்து ஊளையிட்டுவிட்டுச் சிரித்தார்கள். தெருநெடுகக் கதவுகள் திறந்தன. தட்டோடு ஒரு பெண் படியிறங்கினாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர். எல்லோர் முகத்திலும் திங்கட்கிழமைப் பசியும் சந்தோசமும் இருந்தன. ஐயோ, வராதீங்கோ, வராதீங்கோ என்று அவள் தமிழில் கத்தினாள். சங்குச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

கெவினின் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள். அடித்தொண்டையிலிருந்து, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“என்ர மனுசன் சொன்னவர்! இந்திரகுமார்! உள்ள வேலை செய்யிறார், இப்ப போன் பண்ணிச் சொன்னவர்! குழாய் வெடிச்சிட்டுது! இது சோதனைச் சங்கில்லை!”

சொல்லிவிட்டாள். தட்டோடு வந்து நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சிலர் அந்தப் பெயரை ஒரு தடவை உதட்டில் சொல்லிப் பார்த்ததையும் அவள் கண்டாள். கெவின் இடுக்கியை எறிந்துவிட்டு எரிவாயுவைப் பூட்டினான். ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் இன்னொன்றாகத் தூக்கிக்கொண்டு, “உள்ள! எல்லாரும் உள்ள! கதவைப் பூட்டுங்கோ!” என்று அவன் போட்ட சத்தத்தில் வாக்கர்க் கிழவரே திரும்பிவிட்டார். சிலர் ஓடினார்கள். சிலர் சங்கு நிற்கட்டும் பார்ப்போம் என்பதுபோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்களை அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். சுஜீவா கிட்ட நின்ற பிள்ளைகளை, யார் பிள்ளை, எந்த வீடு என்று பார்க்காமல், கோழிக்குஞ்சுகளை ஓட்டுகிற மாதிரி மேவிஸ் அன்ரியின் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

மேவிஸ் அன்ரி வராந்தாவில் கால்களைப் பேசினுக்குள் வைத்தபடியே இருந்தாள். தலையை ஒரு பக்கம் சரித்துச் சங்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை திங்கட்கிழமைகள் கேட்ட காது.

“அது நிக்கேல்லை, பிள்ளை” என்றாள்.

“ஓம் அன்ரி. எழும்புங்கோ.”

“நிக்கவேணும். இதுக்கிடையில நிண்டிருக்கவேணும்.”

அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். பேசின் கவிழ்ந்து வெந்நீர் படியால் ஓடியது. ஈரக்கால் வழுக்க வழுக்க, ஒரு பெரிய பெண் பிள்ளை மறுபக்கத்தால் பிடிக்க, மனுசியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். சன்னல்களைப் பூட்டினாள். வீட்டின் நடுவிலிருந்த குளியலறைக்குள் எல்லோரையும் திணித்தாள். துவாய், படுக்கைவிரிப்பு, அன்ரியின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கையில் அகப்பட்டதையெல்லாம் நனைத்துக் கதவிடுக்கில் அடைத்தாள். இதெல்லாம் இந்திரகுமார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி முடித்து வந்து, நிரூபாவுக்கும் அவளுக்கும் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டியதுதான். அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மேவிஸ் அன்ரியைத் தொட்டியின் விளிம்பில் இருத்தினாள். அவளுடைய கையை அன்ரி பிடித்துக்கொண்டாள்.

“உன்ர மனுசன்ர பேர் எங்கட வாயால வெளியில போகாது” என்றாள்.

“தெருவுக்கே கேக்கக் கத்திப்போட்டன், அன்ரி.”

“கேட்டவை எல்லாம் என்ர ஆக்கள்.”

நம்பவேண்டும் போலிருந்தது. ஆனால் விசாரணை என்று நாலு பேர் கோட்டுப் போட்டு வந்து உட்கார்ந்தால், உங்களுக்கு எப்படி முதலே தெரியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டால், எத்தனை பேர் எத்தனை நாளைக்குப் பொய் சொல்வார்கள்? ஒரு சின்னப்பிள்ளை போதும். அந்தச் சின்னப்பிள்ளைகள் இப்போது அவளுடைய காலைச் சுற்றி ஈரத்துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒன்றுக்கு இருமல் பிடித்திருந்தது. கதவிடுக்கைத் தாண்டி, கக்கூஸ் கழுவுகிற மருந்து மாதிரி ஒரு நெடி மெதுவாக உள்ளே வந்தது. கண் எரிந்தது. சங்கு நிற்கவில்லை.

போன் அடித்தது.

“எவ்வளவு தூரம் போட்டாய்?” இந்திரகுமார் கேட்டான். குரல் கரகரத்தது.

“நான் போகேல்லை.”

“என்ன?”

“போகேல்லையப்பா. அன்ரி வீட்டதான் நிக்கிறன், பிள்ளையளோட. உங்கட பேரைச் சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் கேக்கக் கத்திச் சொன்னனான். சொல்லாட்டில் நம்பியிருக்க மாட்டினம்.” அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள். “ஏசுறதெண்டால் வீட்ட வந்து ஏசுங்கோ.”

அவன் ஏசவில்லை. இருமினான். நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி நீண்ட இருமல்.

“பிள்ளையள் எல்லாரும் உள்ளயோ?”

“ஓம்.”

“கதவுக்குக் கீழ ஈரத்துணி வைச்சனியோ?”

“வைச்சனான்.”

“அது போதும். திறந்திடாத. ஆர் வந்து தட்டினாலும் சங்கு நிக்குமட்டும் திறந்திடாத.” மறுபடி இருமல். “நல்ல வேலை செய்தாய், சுஜீ.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் காரை விட்டு இறங்கியவன். போன் இருக்கிற பெட்டி வாசலில். வாசலிலிருந்து வெளியே ஓட அவனுக்குக் காரில்லை. திருப்பி உள்ளே போகவேண்டும் என்று முதலிலேயே சொன்னான். போ, எடு, வெளிக்கிடு என்று அவன் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, அது மட்டும் விழவில்லை. அத்தனை பேரை உள்ளே தள்ளியவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இஞ்சருங்கோ,” என்றாள், “நீங்கள் எங்க நிக்கிறியள்?”

பதில் வரவில்லை. பிள்ளைகள் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். மேவிஸ் அன்ரி பிடித்த கையை விடவில்லை. சுஜீவா போனைக் காதோடு வைத்து அழுத்தினாள். சுவருக்கு வெளியே சங்கு ஊதிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளும் அதே சங்குதான் ஊதியது. அங்கே அது கிட்டத்தில் கேட்டது, மிகவும் கிட்டத்தில்.